தூங்குகிறது எப்படிக் கேட்கும்

ஏழு ஜோடிதான் இருக்கிறது. மறுபடியும் எண்ணுகிறேன், ஏழுதான். டயாலிசிஸ் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக நோயாளிகள் கழற்றிவிட்டுப் போகிற செருப்புகள். செவ்வாய், வியாழன், சனி பன்னிரண்டு மணி ஷிப்டுக்கு எட்டு ஜோடி இருக்க வேண்டும். அம்மாவின் நீல ரப்பர் செருப்பு இருக்கிறது, இடது வாரில் நான் குத்திய ஊக்கோடு. ரஹ்மத் அம்மாவின் தங்க நிறப் பூப்போட்ட செருப்பு இருக்கிறது. கால் வீங்கியவர்களின் அகலச் செருப்புகள் இருக்கின்றன, நாலு மணி நேரம் கழித்து வீக்கம் வடிந்து திரும்பும்போது அவர்களுக்கே பெரிதாகிவிடுகிற செருப்புகள். இல்லாதது அல்போன்ஸ் அங்கிளுடையது. பழுப்புத் தோல், பின்னால் வார் வைத்தது. ரயில்வேயில் இருந்தவர், செருப்பைக்கூடத் தண்டவாளம்போல இணையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, யாரும் சொல்லித் தந்ததில்லை, இரண்டாவது மாதத்தில் தானாகப் புரிந்துவிடும்: ஒரு ஜோடி குறைந்தால் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஜோடிகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஐந்தாம் படுக்கை டீச்சர் வராமல் போனபோதும் அப்படித்தான். அவருடைய வெள்ளைச் செருப்பு இருந்த இடத்தில் யாருடையதோ சாம்பல் நிறச் செருப்பு வந்தது, அன்றைக்கு முழுக்க நான் தரையைப் பார்க்கவில்லை. ஆனால் அல்போன்ஸ் அங்கிள் சனிக்கிழமை நன்றாகத்தானே இருந்தார். ஸ்டெல்லா ஆன்ட்டியோடு சண்டை போட்டார். "ஒரு வாய் காபி கேட்டா கோர்ட்டு மாதிரி வாய்தா போடுறா" என்று என்னிடம் முறையிட்டார், ஆன்ட்டி, "வாய்தாதான், தீர்ப்பு சொன்னா தாங்க மாட்டீங்க" என்றார். நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேனா, வழக்கம்போல உதட்டுக்குள்ளேயா, தெரியவில்லை. சிரித்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது ஏனோ ஆசையாக இருக்கிறது.

அம்மாவின் போன் என் மடியில் தூங்குகிறது. உள்ளே போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள், இடது கையில் ஊசி, வலது கையில் பிரஷர் பட்டை, பிடிக்கக் கை இல்லை. கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வது, "தட்டிக்கிட்டே இரு." இன்றைக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு விளக்கிச் சொன்ன பிறகு வெட்கமாக இருந்திருக்கும். அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை, இருண்டுபோன போனுக்குக் காது கேட்காது என்று. திரை அணையப் போகும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டு தட்டுவாள். வெளிச்சம் வரும். அரை நிமிஷம் கழித்து மறுபடி ஒரு தட்டு. காய் நறுக்கும்போதும், டிவி பார்க்கும்போதும், பக்கத்தில் பச்சைக் குழந்தையைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவள் மாதிரி ஒரு கை அதன் மேலேயே இருக்கும். "தூங்குறது எப்படிடி கேக்கும்?" என்பாள். தூங்கவில்லை அம்மா, தூங்குகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்று நான் ஞாயிற்றுக்கிழமை பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு விளக்கினேன். நாலு வருஷம் படித்த எலக்ட்ரானிக்ஸ் படிப்புக்கு ஒரே ஒரு மாணவி. திரை, பெரிய மூளை எல்லாம் தூங்கிவிடும், ஒரு சின்னத் துண்டு மட்டும் ஒன்றேகால் நொடிக்கு ஒரு தடவை கண்ணைத் திறக்கும், டவர் தன் பெயரைச் சொல்கிறதா என்று கேட்கும், சொல்லவில்லை என்றால் உடனே மூடிக்கொள்ளும். வைஃபையும் அப்படித்தான். சுவரில் இருக்கிற அந்தப் பெட்டி நொடிக்குப் பத்துத் தடவை ஒரு சின்னப் பட்டியல் படிக்கும், இன்னாருக்கு ஒன்று வந்திருக்கிறது, இன்னாருக்கு வந்திருக்கிறது என்று. தூங்குகிறவர்களுக்கு வந்ததை அது எடுத்து வைத்திருக்கும். போன் இரண்டு மூன்று பட்டியலுக்கு ஒரு தடவை எழுந்து தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம், அப்ப அது தூங்கறதே இல்லையா" என்றாள்.

அப்படிப் பார்த்தால் நானும்தான். சாயங்காலம் ஐந்திலிருந்து வேலை, வீட்டிலேயே, வெளிநாட்டு டாக்டர்கள் முணுமுணுத்துப் பதிந்து வைத்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பது. இடது காதில் மட்டும் ஹெட்போன், வலது காது அம்மாவுக்கு. படுத்த பிறகும் வலது காது மூடுவதில்லை. அவள் இருமினால், புரண்டால், தண்ணீர்ப் பாட்டில் மூடி திருகுகிற சத்தம் கேட்டால், நான் எழுந்து, இல்லை என் பெயர் இல்லை என்று மறுபடி படுத்துக்கொள்வேன். பதினாலு மாதம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தேன். தினகரன் அண்ணன் ஷார்ஜா போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய போன், பேட்டரி ஊதிப்போய்க் கிடக்கிறது, காலையில் நிரப்பினால் மத்தியானம் இருபது சதவீதத்தில் நிற்கும். அம்மா தட்டுவது ஒரு காரணம். வைஃபை ஓயாமல் விழித்து விழித்துப் பட்டியல் பார்ப்பது இன்னொரு காரணம் என்று நினைத்து, செட்டிங்கில் போய், தூங்கும்போது வைஃபை இருக்கட்டுமா என்று கேட்கிற இடத்தில், வேண்டாம் என்று மாற்றினேன். அது பாவம், கொஞ்சம் நிஜமாகவே தூங்கட்டும். அம்மாவிடம், "இனிமே தட்டாத, சத்தியமா?" என்றேன். "சரிடி" என்றாள். அப்படியும் நேற்று சாயங்காலம் பார்த்தால் ஆறு சதவீதம். பேட்டரியே செத்துவிட்டது, இனி எதை மாற்றியும் பயனில்லை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று, திங்கட்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்குப் பாயில் விழுந்தவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். கன்னத்தில் பாய்க் கோரையின் வரி வரியான தடம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஒரு போன்கூட வரவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வீடு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த மாதிரி அமைதி. எவ்வளவு நன்றாக இருந்தது.

ஹபிபுல்லா பாய் இரண்டு காகிதக் கப்பில் டீ கொண்டுவருகிறார், ஒன்றை என் பக்கம் நீட்டுகிறார். ரஹ்மத் அம்மாவுக்காக அவரும் பதினாலு மாதமாக இதே வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று வார்த்தை வேண்டும், வாங்கிக்கொள்ள ஒன்றும் வேண்டாம், வாங்கிக்கொள்கிறேன். அவர் செருப்பு வரிசையைப் பார்க்கிறார். நான் பார்ப்பதையும் பார்க்கிறார். "இன்னாம்மா, அல்போன்சு செருப்பைத் தேடுறியா? பயப்படாத. மூஞ்சப் பாரு, சுண்ணாம்பு மாதிரி ஆயிட்ச்சு." டீயை ஊதுகிறார், வேண்டுமென்றே தாமதிக்கிறார், நல்ல செய்தியைக் கையில் வைத்திருப்பவர்களின் தாமதம். "அவருக்குக் கிட்னி கெட்ச்சிட்ச்சும்மா! நேத்து மத்தியானம் கூப்ட்ருக்காங்க, ராத்திரியே வெச்சிட்டாங்க. ஸ்டெல்லாம்மா காலைல எனக்கு போன் பண்ணி அழுவுது. அழுவுதா சிரிக்குதான்னு தெர்ல. முதல்ல கூப்ட்ட ஆளுக்கு இருமலாம், ஒதுக்கிட்டாங்களாம். பக்கத்துல ஒக்கார வெச்சிருந்த நம்மாளுக்கு அடிச்சுது பாரு லக்கு. இனிமே வாய்தா கெடையாது, காபி குடிக்கலாம்." அவர் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், இந்தத் தடவை சத்தம் வருகிறது. உயிரோடு இருக்கிறார், நல்லது, எவ்வளவு நல்லது. பாய் கப்பைச் சுழற்றி அடியில் தங்கிய சர்க்கரையைக் கலக்குகிறார். "அவருக்கும் உங்கம்மாவுக்கும் ஒரே குரூப்தானே? லிஸ்ட்ல உங்கம்மா முன்னாடின்னு அவர்தான் சொல்வாரு. உங்களுக்கு போன் வரலியா?" "வரல பாய்" என்கிறேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை என் வாயிலேயே நிற்கிறது, டீயோடு சேர்ந்து இறங்க மாட்டேன் என்கிறது. வரல. ஞாயிறு, திங்கள், ஒரு போன்கூட வரல.

எங்கள் வீட்டுக்குள் டவர் கிடையாது. பெரம்பூரில் மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பி, பின்கட்டில் கிணற்றுக்குள் இருப்பதுபோல நாங்கள். பேச வேண்டுமென்றால் தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் போக வேண்டும். அதனால்தான் வைஃபை வைத்தோம், அதனால்தான் அழைப்புகள் வைஃபை வழியாக வரும்படி நான்தான் செய்து வைத்தேன். டவர் இல்லாத வீட்டில் வைஃபையையும் தூங்கச் சொன்னால் பிறகு யார் விழித்திருப்பது? திரை அணைந்த சில நிமிஷங்களில் அது எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு படுத்துவிடும். பெட்டி பட்டியலைப் படிக்கும், பெட்டிக்குத் தெரியும் இவர் போய்விட்டார் என்று, எடுத்துக்கூட வைக்காது. இது எனக்குத் தெரியாதா? பேனா வைத்துப் படம் போட்டு விளக்கியவள்தானே. தட்டாதே என்று சத்தியம் வாங்கியவள்தானே. மூன்று தடவை கூப்பிடுவார்கள், எடுக்கவில்லை என்றால் அடுத்தவர், அதைக் கிட்னி லிஸ்ட்டைக் கவனிக்கிற மேடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னார், விரலை மடக்கி மடக்கிச் சொன்னார், காத்திருக்க நேரமில்லை, அது ஐஸ் பெட்டியில் வருகிற பொருள் என்றார். படிவத்தில் இரண்டு நம்பர் கொடுக்கலாம். முதல் நம்பர் அம்மாவுடையது, இரண்டாவது தினகரன் அண்ணனுடையது. அண்ணன் போய் ஐந்து மாதமாகிறது, அந்த நம்பர் செத்துவிட்டது. மாற்றிக் கொடுக்க வேண்டும், என் நம்பரைச் சேர்க்க வேண்டும் என்று ஐந்து மாதமாக நினைக்கிறேன். மேடத்தின் மேசை முதல் மாடியில், இதோ இந்தப் படியில் ஏறினால் இடதுபக்கம். இருபத்திரண்டு படி. எண்ணியிருக்கிறேன். ஒரு தடவை பதினெட்டு வரை ஏறியிருக்கிறேன். மேலே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், மேடம் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார், என்ன சொல்லி ஆரம்பிப்பது, மேடம் என்றா, எக்ஸ்கியூஸ் மீ என்றா, அண்ணன் ஏன் போய்விட்டான் என்று கேட்டால் என்ன சொல்வது, திரும்பி இறங்கிவிட்டேன். கல்லூரி வாய்மொழித் தேர்விலும் அப்படித்தான், தூங்குகிற போனைப் பற்றித்தான் கேட்டார்கள், ஒவ்வொரு நொடியும் தெரியும் எனக்கு, நாக்கு எழவில்லை. "தெரியலையா, பரவாயில்லை" என்றார் வெளியிலிருந்து வந்த பேராசிரியர். தெரியும் சார். தெரிந்தவர்கள்தான் இந்த மாதிரித் தப்பெல்லாம் செய்வார்கள்.

காலையில் ஆட்டோ பெரிய ரோட்டுக்கு வந்ததும் கைப்பைக்குள் அம்மாவின் போன் அதிர்ந்தது. மூன்று நாலு தடவை. விளம்பரம் என்று நினைத்தேன். சிக்னல் எட்டாத நேரத்தில் யாராவது கூப்பிட்டிருந்தால், சிக்னல் வந்ததும் செய்தி வரும், இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு இத்தனை அழைப்புகள் என்று. அது இப்போது என் மடியில் இருக்கிறது. பக்கவாட்டுப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும். அழுத்தவில்லை. கட்டைவிரல் பட்டன்மேல் இருக்கிறது, பட்டனின் விளிம்பு தேய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது, அம்மாவின் விரல் தேய்த்தது. அழுத்தாத வரைக்கும் இரண்டும் உண்மை, கூப்பிட்டார்கள், கூப்பிடவில்லை. பாய் டீக் கப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தொழப் போகிறேன் என்று எழுந்து போகிறார். மணி ஒன்றரை. பதினாலு மாதத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள், பங்குனி வெயிலில். மாற்று ஆளாக வாருங்கள், முதல் ஆளுக்குச் சரிப்பட்டு வரவில்லை என்றால் உங்களுக்கு என்றார்கள். எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் கூடாது. வேறு வீதி, வேறு ஆஸ்பத்திரி, ஒரு பெஞ்சில் பதினோரு மணி நேரம். எதிர்ப் பெஞ்சில் அந்த முதல் ஆள், என் வயது இருக்கும் ஒரு பெண், அவளுடைய அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சரிப்பட்டு வரக் கூடாது என்று நான் வேண்டினேனா? வேண்டவில்லை என்றுதான் இதுவரை எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு நர்ஸ் வந்து, "நீங்க கிளம்பலாம்மா" என்றாள். அம்மா எழுந்து அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆட்டோவில் என் தலை அவள் தோளில் விழுந்து விழுந்து எழுந்தது. நோயாளியின் தோளில் நான் தூங்கினேன். அன்றிலிருந்து போன் அடித்தாலே எனக்குள் எழுவது அழைப்புக்கான ஏக்கமா, அழைப்பின் பயமா, பிரித்துப் பார்க்கச் சக்தி இல்லை. இரண்டு நாள் அடிக்கவில்லை என்றதும் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தேனே. அந்த நன்றாக இருந்ததுதான் வேண்டாம் என்ற இடத்தில் விரலை வைத்ததா? பேட்டரிக்காக என்று சொல்லிக்கொண்டு, எனக்காகவா? இல்லை. தெரியவில்லை. யாராவது வெளியிலிருந்து வந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் நாக்கு எழாது.

"வசந்தகோகிலம் அட்டெண்டர்!" கதவிடுக்கில் டெக்னீசியன் கிருபாகரனின் தலை. தூக்கிப் போடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன், எட்டாவது ஜோடி என்னுடையது. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், பிரஷர் கொஞ்சம் இறங்குச்சு, கால் இழுத்துக்குது, பிடிச்சு விடுங்க" என்கிறார். குளிர், ஸ்பிரிட் வாசனை, மெஷின்களின் ஒரே மாதிரியான முனகல். பக்கத்தில் அல்போன்ஸ் அங்கிளின் நாலாம் படுக்கையில் புது விரிப்பு, மடிப்புக் கலையாமல். அம்மாவின் கெண்டைக்கால் கல்லாக இருக்கிறது, இரண்டு கையாலும் அழுத்துகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. குழாயில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டு போகிறது, வருகிறது. "பாய் சொன்னாரா?" என்கிறாள், கண்ணைத் திறக்காமல். "ம்." "கிருபா இப்பத்தான் சொன்னான். நல்ல மனுஷன். ஸ்டெல்லாவுக்கு இனிமே நிம்மதி." இன்னொரு காலையும் என் பக்கம் நீட்டி, "அந்த முதல் ஆளுக்கு இருமலாமே. யாருக்குத் தெரியும் அதெல்லாம்" என்கிறாள். யாருக்குத் தெரியும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, கூரையில் இருக்கிற விசிறியிடம் கேட்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தப்பு அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. "விட்டுடுச்சு, போ. வெளிய போய் உக்காரு. முடிஞ்சா கண்ணை மூடு" என்கிறாள்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அழுத்திவிட்டேன். முடிவெடுத்து அல்ல, முடிவெடுக்காமல் இருக்கிற களைப்பு தாங்காமல். திரை ஒளிர்கிறது. மணி மூன்று இருபது. செய்திகள் நாலு. ஒன்று, நகைக் கடை. ஒன்று, உங்கள் டேட்டா தீரப்போகிறது. ஒன்று, மறுபடி அதே நகைக் கடை. ஒன்று, மின்வாரியம், நாளை பராமரிப்பு. அவ்வளவுதான். கீழே தள்ளுகிறேன், மேலே தள்ளுகிறேன். இத்தனை அழைப்புகள் என்று எதுவும் இல்லை. கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை. ரத்தப் பிரிவு மட்டும் பார்க்க மாட்டார்கள், வேறு பொருத்தமெல்லாம் இருக்கும், அல்போன்ஸ் அங்கிளுக்குப் பொருந்தியது எங்களுக்குப் பொருந்தியிருக்காது. மூச்சு வருகிறது. கண்ணில் நீர் வருகிறது, இது எதற்கு இப்போது. சும்மா, ஒரு உறுதிக்காக, அழைப்புப் பட்டியலைத் திறக்கிறேன். தினகரன் அண்ணன், சனிக்கிழமை. அதற்கு மேலே ஒரு வரி. கிட்னி மேடம். இந்தப் போன் அம்மா கைக்கு வந்தபோது நான்தான் அப்படிப் பதிந்து கொடுத்தேன், அம்மாவுக்குப் புரியட்டும் என்று. நேற்று, மத்தியானம் இரண்டு பன்னிரண்டு. தவறிய அழைப்பின் சிவப்பு அம்பு இல்லை. பச்சை. எடுத்துப் பேசிய அழைப்பு. ஒரு நிமிஷம் ஒன்பது நொடி.

பச்சை அம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், திரை மங்குகிறது, அணைகிறது, தட்டுகிறேன், பச்சை. இரண்டு பன்னிரண்டுக்கு நான் பாயில் கிடந்தேன். போன் இருண்டிருந்தால் அந்த அழைப்பு வீட்டுக்குள் வந்திருக்கவே முடியாது. அப்படியானால் இருண்டிருக்கவில்லை. ஆறு சதவீதம். பேட்டரி சாகவில்லை. சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, நான் தூங்கிய பிறகு, கட்டிலில் உட்கார்ந்து அரை நிமிஷத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சாத்திய கதவை, சாத்தினேன் என்றே தெரியாமல், விரலால் திறந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்திருக்கிறாள், இல்லாவிட்டால் என் வலது காது எழுந்திருக்கும். எழவில்லையே. பதினாலு மாதத்தில் அந்த ஒரு மத்தியானம் அது எழவில்லை. ஒரு நிமிஷம் ஒன்பது நொடியில் என்ன சொல்லலாம்? வருகிறேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் வேண்டாம். செட்டிங்கைத் திறந்து, தூங்கும்போது வைஃபை, எப்போதும் என்று மாற்றுகிறேன். மாற்றிவிட்டு எதிர்ச்சுவரைப் பார்க்கிறேன். சுவரில் கையெழுத்தில் ஒட்டிய காகிதம், செருப்பை வரிசையாக விடவும். மணி மூன்றரை, மூன்று நாற்பது, நாலு. கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். உடம்பில் கோபம் வர ஒரு இடம் வேண்டும், எல்லா இடத்திலும் களைப்பு உட்கார்ந்திருக்கிறது.

நாலேகாலுக்கு அம்மா வருகிறாள், இடது கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, சுவரைத் தொட்டுத் தொட்டு. முகம் வடிந்து சின்னதாகியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறாள். குனிந்து நீலச் செருப்பை எடுத்து மாட்டிவிடுகிறேன், இப்போது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. குனிந்தபடியே, அவள் காலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன், "நேத்து ரெண்டு மணிக்கு யாரும்மா?" கால் விரல்கள் ஒரு தடவை மடங்கி விரிகின்றன. "பாத்துட்டியா." "என்ன சொன்னாங்க?" "ரெண்டாவது ஆளா வந்து உக்காருங்கன்னாங்க. போன தடவை மாதிரியே." "நீ என்னம்மா சொன்ன?" "காய்ச்சல்னு சொன்னேன்." நிமிர்ந்து பார்க்கிறேன். "உனக்கு எங்கம்மா காய்ச்சல்?" "எனக்கு இல்ல. நீ கெடந்த கெடையைப் பாத்து உனக்குத்தான் காய்ச்சல்னு நெனச்சேன். வாயைத் தொறந்துக்கிட்டு, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருந்துச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது, இவ தூங்குறான்னு. எத்தனை நாளாச்சு உன்னை அப்படிப் பாத்து. அப்பப் பாத்து அந்தம்மா கூப்பிட்டுச்சு, வாயில அந்தக் காய்ச்சல்தான் வந்துச்சு. உன்னை எழுப்பி, பெஞ்சுல உக்கார வெச்சு, ராத்திரி திரும்பிப் போங்கன்னா? ரெண்டாவது ஆளுக்கு எங்கடி கெடைக்கப் போவுதுன்னு நெனச்சேன்." பஞ்சை எடுத்துப் பார்க்கிறாள், ரத்தம் நின்றிருக்கிறதா என்று. "கெடைச்சிருக்கு" என்கிறாள், அவளே. நாலாம் படுக்கையின் மடிப்புக் கலையாத விரிப்பு ஞாபகம் வருகிறது, மூன்று நாலு மணி நேரம் அதற்குப் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

திட்டலாம். அழலாம். நான் வைஃபையைத் தூங்க வைத்ததைச் சொல்லலாம், நீ தட்டியிருக்காவிட்டால் அந்த அழைப்பே வந்திருக்காது, உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, தப்பு என்னுடையதாக மட்டும் இருந்திருக்கும் என்று சொல்லலாம். போனை அவள் மடியில் வைக்கிறேன். "இங்கயே உக்காரு. மேல போயிட்டு வரேன்." "எதுக்கு?" "நம்பர் மாத்த. முதல் நம்பரா என்னோடதப் போடச் சொல்லப் போறேன்." அம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். "நீயா? பேசுவியா?" "பேசுவேன்." "நீ தூங்கிட்டிருந்தா?" "தூங்கினாலும் கேக்கும்மா." "கேட்டுச்சே நேத்து" என்கிறாள். அவள் வாயோரம் லேசாகக் கோணுகிறது, எனக்கும் கோணுகிறது, இரண்டு பேருமே அதற்கு மேல் அதைச் சிரிப்பாக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடுகிறோம். படியில் ஏறுகிறேன். ஐந்து, ஆறு. மேடம் என்று ஆரம்பிக்கலாம். மேடம், வசந்தகோகிலம் பொண்ணு. பதினொன்று, பன்னிரண்டு. மேலே யாரோ உரக்கப் பேசுகிறார்கள், இன்றைக்கும் நாலு பேர் நிற்பார்கள். பதினெட்டில் கால் நின்றுவிடுகிறது, அதற்கு அந்தப் படி ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். கீழே ஏழாய், ஆறாய்க் குறைந்துகொண்டிருக்கிற செருப்புகளுக்குப் பக்கத்தில் அம்மா, மடியில் போன். அதன் வெளிச்சம் மங்குகிறது. அவள் விரல் அதை நோக்கிப் போய், தட்டாமல், மேலேயே நிற்கிறது. போன் இருண்டுவிடுகிறது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி, பாயும் கிருபாகரனும் திரும்பிப் பார்க்கும்படி, "பூர்ணிமா" என்று கூப்பிடுகிறாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சொல்லு."